உபவாச நாள் மதியம்

துறைமுக அலுவலகத்தில் அன்று புதுவருடத்தின் முதல் வேலைநாள்.

"ஞானராஜ் அண்ணன், சாப்பிடுவமா?" என்றான் நிப்றாஸ்.

"ஏலாது தம்பி, எனக்கு உபவாசம். வருசத்தின்ர முதல் நாளுகளை ஆண்டவருக்குக் குடுத்தால், மிச்சத்தை அவர் பாப்பார். தண்ணி குடிக்கலாம். பின்னேர ஜெபம் முடியத்தான் கஞ்சி. இப்ப சபைக்குப் போய் ஒருக்கா ஜெபிச்சிட்டு வாறன்."

அவர் திரும்பியபோது நிப்றாஸின் சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. ஞானராஜ் அதைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"நாங்க நோன்பு பிடிக்கக்குள்ள எனக்கு முன்னால நீங்க ஒருநாளும் சாப்பிட்டதில்லையே அண்ணன். இண்டைக்கு நானும் உங்களோட பட்டினி. எனக்கும் ஒரு துஆ கேட்டீங்களா?"

ஞானராஜ் குனிந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால், சந்திக் கடையில் அவசரமாக விழுங்கிய மீன் ரோல்ஸ் மணக்கும்.