கம்பின் உச்சியில் நட்சத்திரம்

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் மரம் இரண்டு. உச்சியில் கட்டும் நட்சத்திரம் ஒன்றுதான். ரெஜினா கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரம் பச்சைப்பசேலென்று நின்றது. "உயிரில்லாத மரத்துக்கு நட்சத்திரமா?" என்று முறுக்கிக்கொண்ட அவள் புருஷன் சவேரியான், சவுக்குக் கிளை கிடைக்காமல், மழையில் முறிந்த முருங்கைக் கிளையை இழுத்துவந்து ஜன்னலோரம் வாளி மணலில் நட்டிருந்தான். ஓர் இலைகூட இல்லை. "துணி காயப்போட ஆகும்" என்று ரெஜினா மூன்று நாள் சிரித்தாள். நட்சத்திரம் யாருக்கு என்பதை இருபத்து நாலாம் தேதி பார்த்துக்கொள்வதென்று முடிவானது. அவன் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவந்தான்.

இருபத்து நாலாம் தேதி காலை முறுக்கு சுட ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கோமதி, பிளாஸ்டிக் மரத்தைத் தாண்டிப்போய் முருங்கையின் முன்னால் நின்றாள். கணுவெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்.

"இளங்கீரை, அக்கா! ஒரு கைப்பிடி ஒடிச்சிக்கிடட்டுமா?"

ரெஜினா பாய்ந்துவந்து அவள் கையைப் பிடித்தாள். "தொடாத! ஏசு பாலனைத் தேடி நட்சத்திரம் பார்த்து வர்ற மூணு ராசாக்களும் வந்து பார்த்துட்டுப் போகட்டும். பொறவு பொரியல் வைக்கலாம்."

வாயைப் பொத்திச் சிரித்த புருஷனைப் பார்க்காமல், நட்சத்திரத்தோடு நாற்காலியில் ஏறினாள். ஒரு துளிரும் நசுங்காமல் அதை எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை.