ஒடிலோனின் சுரம்

ஜாக்மெல் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை பிற்பகல் வெயிலில் சூடேறிச் சடசடக்கிறது. மூங்கில் குழல் ஒன்றுக்கு ஒரே சுரம்தான். நான்கு பேர் மாறி மாறி ஊதினால்தான் மெட்டு. ஹெய்ட்டியின் அந்தத் தெரு ஊர்வல மெட்டைத் தன் வயலின் இசைக்குள் சேர்த்திருக்கிறாள் கெர்லீன். இன்றைய ஒத்திகையில் குழல் ஊத மூன்று பேர்தான். நான்காமவன் ஒடிலோன் காலையில் தலைநகரில் பஸ் ஏறியவன், இன்னும் வந்து சேரவில்லை. வழியெல்லாம் துப்பாக்கிக் கும்பல். அவனுடைய சுரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று. அந்த இடம் வரும்போதெல்லாம் கெர்லீன் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். "அதையும் நானே ஊதிடட்டுமாக்கா?" என்கிறான் குழல் ஊதுபவர்களில் ஒருவனான ஃபனெல். "அவரு வந்து ஊதுவாரு. நீ உன்னோடத ஒழுங்கா ஊது," என்கிறாள் ஒடிலோனின் மனைவி மரீஸ். மறுபடியும் அவனைக் கூப்பிடப் போனவளின் போனில் அவனுடைய செய்தி வந்து விழுகிறது. எல்லாருக்கும் கேட்க வாசிக்கிறாள்: "கூப்பிடாத. பஸ்ஸ மறிச்சுட்டானுங்க. வாழத்தோப்புல ஒளிஞ்சு படுத்திருக்கேன். பக்கத்துலயே நிக்கிறானுங்க." நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்துகிறாள் கெர்லீன். அதற்குள் குழல்கள் உதட்டைவிட்டு இறங்கிவிட்டன. எங்கோ மலைக்கு அப்பாலிருக்கும் அந்தத் தோப்புவரை கேட்டுவிடும் என்பதுபோல, கூடத்தில் ஒருவரும் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.