பாதிப் பாதையில் வந்த ஆட்டோ

"கிரிவலம் நடந்து போறதுதான் விசேஷம் சார். ஆட்டோவுல மலையைச் சுத்தினா என்னத்தப் பார்க்க முடியும்?" என்றான் ஆட்டோ ஓட்டும் முருகவேல்.

வேலூரிலிருந்து மனைவியோடு ஊர் பார்க்க வந்திருந்த அப்பாதுரைக்கு ஆச்சரியம்.

"வந்த சவாரியையே வேணாங்கறான் பாரு கஸ்தூரி! நாங்க இந்த மலையச் சுத்தினதே இல்ல. எவ்ளோ தூரம்பா?"

"கம்மிதான் சார். பேசிக்கிட்டே போனா தெரியாது."

செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். சித்திரை வெயில். ஏழு கிலோமீட்டர் தாண்டியபோது அப்பாதுரையின் பாதங்கள் கொப்பளித்திருந்தன. கஸ்தூரி புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அதே ஆட்டோ காலியாக வந்து நின்றது.

"நல்லவேளை வந்தே! ஏத்திக்கப்பா. இன்னும் எவ்ளோ இருக்கு?"

"வந்த அளவு இருக்கு." முருகவேல் இறங்கவில்லை. "காலையிலயே உங்கள அடையாளம் தெரிஞ்சிடுச்சு. தொண்ணூத்தி ஒண்ணுல நான் தினம் போற செங்கம் பஸ்ஸுல நீங்கதான் கண்டக்டர். வாந்தி எடுத்துட்டாள்னு ஒரு நிறைமாசக்காரிய நடுரோட்டுல இறக்கி விட்டீங்க. அவ என் பொண்டாட்டி. கொளுத்தற வெயில்ல ஊர் வரைக்கும் நடந்தா. குழந்தை செத்துதான் பொறந்துச்சு."

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, நீங்க ஏறுங்க. உங்களையும் நடக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

கஸ்தூரி கணவரின் முகத்தையே பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்வாரெனக் காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை.

எழுந்து போய் ஆட்டோவில் ஏறினாள்.

"போலாம்பா" என்றாள்.