மைக் நின்ற நேரம்

சிதம்பரத்துப் பஜனை மடத்தின் ஜன்னலுக்குள் நுழையும் சாயங்கால வெயில், பாகவதரின் சரிகை அங்கவஸ்திரத்தில் மட்டும் விழுகிறது. வெயிலுக்கும் ஆள் தெரிந்திருக்கிறது. அவர் கண்களை மூடிக்கொண்டு, நாமத்தை இழுத்து இழுத்துப் பாடி, தாரைதாரையாக அழுகிறார். பாட்டாலேயே மோட்சம் என்று அவர் சொன்னதை நம்பித்தான், வீடும் வேண்டாம் பெண்டாட்டியும் வேண்டாமென்று, இன்று முதல் இந்த மடத்திலேயே தங்கிவிடக் கடலூரிலிருந்து வந்திருக்கிறார் கலியபெருமாள். அவருடைய வேட்டி சட்டை திணித்த துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பாகவதரை விட்டுக் கண்ணெடுக்காமல் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் மனைவி சௌந்தரம்.

“பாருங்கக்கா, சாமி ஒடம்புலயே இல்ல,” என்று உருகுகிறாள் பக்கத்தில் இருக்கும் மங்கம்மா.

“ஒடம்புல இல்லாதவரு மைக்க எதுக்குடி கிட்ட இழுத்துக்குறாரு?”

கரகரவென்று இரைந்து மைக் நின்றுபோகிறது. பாட்டும் அதோடு நிற்கிறது. பாகவதர் ஒற்றைக் கண்ணைத் திறந்து மைக்செட்காரனை முறைக்கிறார். மூடிய கண்ணில் மட்டும் பக்தி இன்னும் வழிகிறது. சௌந்தரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இதைப் பார்த்த புருஷனை இனி ஆறு மணி கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ஆண்கள் பக்கம் திரும்புகிறாள்.

அடங்கிப்போன கூடத்தில் ஒரே ஒரு கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. கலியபெருமாளின் கண்கள் மூடியே இருக்கின்றன. பாட்டு நின்றது அவருக்குத் தெரியவில்லை.

“என்னாங்க,” என்று சத்தமாகவே கூப்பிடுகிறாள்.

தாளம் தப்பவில்லை.