முன்வரிசை

“தியாம் அண்ணே, முன்வரிசைண்ணே! அதுவும் நட்டநடு நாற்காலி.” போ கெங் சிவப்பு மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பினாங்கின் அந்தப் பழைய ஓட்டலைக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள்; அன்று மாலைதான் அங்கே முதல் நாடகம். ஓட்டலாக இருந்தபோது அவள் அங்கே சலவைக்காரி, அவர் சமையல்காரர். இப்போது நாடகம் நடக்கும் இந்த நடனக்கூடத்துக்குள் மட்டும் இருவரையும் விட்டதே இல்லை.

“ஓட்டல் போய் பட்டாளம் வந்துச்சு. அப்புறம் கிடங்காக்கி வெங்காயத்தக் கொட்டுனானுங்க. இப்பதான் இந்தக் கட்டடத்துக்குக் கல்யாணக்களை வந்திருக்கு” என்றார் தியாம் ஹோக்.

“டிக்கெட் கேட்டாங்கன்னா?”

“நம்மள யாரு கேக்கப் போறா? பேசாம உக்காரு, திரை தூக்கப் போறான்.”

தாமதமாக வந்த கோட்டுக்காரர் ஒருவர், விறுவிறுவென்று வந்து போ கெங்கின் மடியிலேயே உட்காரப் போனார். கூடத்துப் பணிப்பெண் ஓடிவந்து தடுத்தாள்.

“அங்க வேணாம் சார். சீனக் கணக்குல ஏழாம் மாசம், ஆவிங்க மாசம், பொறந்தாச்சு. இந்த மாசம் முழுக்க முன்வரிசை செத்துப்போனவங்களுக்கு.”

அவர் பதறி, காலி நாற்காலிகளைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

போ கெங் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களாண்ணே? உசுரோட இருந்தப்ப, கோட்டுக்காரங்களப் பாத்தா நாமதான் குனிஞ்சோம்.”