சின்னவளின் வாசனை

மல்லிகை வாசனை போகும்வரை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சின்னவள் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கல்யாணமாகிப் போன அக்கா விட்டுச்சென்ற மல்லிகை சென்ட்டைத்தான் இத்தனை நாளும் பூசினாள். அதனால் அம்மா திரும்பிப் பாராமலே அவளைப் "பெரியவளே" என்று கூப்பிடுகிறாள். இன்றோடு அதற்கு ஒரு முடிவு. ஜன்னல் வெயில் சென்ட் குப்பிகளுக்குள் புகுந்து மேசைமேல் மஞ்சளாய்க் கிடக்கிறது. கனமான சந்தனத்தை முதலில் மணிக்கட்டில் தடவி, தேய்க்காமல் ஊதி உலர்த்துகிறாள். அதன்மேல் அண்ணனின் குப்பியிலிருந்து கொஞ்சம் புகையிலை வாசனை, கடைசியாக எலுமிச்சை. கதவருகே குப்பிக்குச் சொந்தக்காரன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். "சோப்புப் போட்டப்ப பல் டாக்டர் ரூம் மாதிரி இருந்துச்சு. இப்ப டாக்டரே வந்துட்டாரு." "உன்னை யாரு கேட்டா?" இன்னொரு துளி எலுமிச்சையை வைத்துக்கொண்டு, படைக்குப் புறப்பட்டவள்போலச் சமையலறைக்குப் போகிறாள். முதுகைக் காட்டியபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கத்தி பாதியில் நிற்கிறது. மூக்கு ஒருமுறை இழுக்கிறது, சந்தேகத்தோடு மறுபடியும் இழுக்கிறது. "யாரது?" கத்தியும் கையுமாக அம்மா முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறாள். "நான்தாம்மா, சின்னவ" என்கிறாள் அவள், கைகுலுக்கக் கை நீட்டாத குறையாக.