பங்காளித் தீட்டு

எதிரித் தளபதி வேங்கையன் காலையில் களத்தில் விழுந்துவிட்டான். வென்ற தளபதி மாறவேளுக்கு மாலை சூட்ட அரசர் யானையில் வந்துகொண்டிருந்தார். மாறவேளோ நாவிதர் நல்லாண்டி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“தலையும் மீசையும் மழிக்கணுமா? மாலை வாங்குற நாள்ல இதென்ன கூத்து, சாமி?”

“பங்காளி செத்துட்டான்பா.”

“உங்களுக்குத்தான் பங்காளியே கிடையாதே!”

மாறவேள் எதிரிப் பாசறையைப் பார்த்தார். அங்கே விழுந்த இவருடைய வீரர்களை வேங்கையன் ஒருமுறைகூட நாய் நரிக்கு விட்டதில்லை. குளிப்பாட்டி, கண்ணை மூடி, கோடித்துணி போர்த்தித்தான் அனுப்புவான்.

நல்லாண்டிக்குப் புரிந்துவிட்டது. “எதிரிக்கு மொட்டைன்னா ராசா தலையையே எடுத்துடுவாரு.”

“எடுக்கட்டும். மழிச்ச தலையா எடுக்கட்டும்.”

யானை மணி கிட்டத்தில் கேட்டது. நல்லாண்டி மீசையை நனைத்துக் கத்தியை வைத்தார்.

“எம் மவன் பொணமும் அப்படிக் கோடி போர்த்தித்தான் வந்துச்சு. முடிச்சதும் நீங்க கத்தியைப் பிடிங்க, சாமி. எனக்கும் மழிக்கணும்.”